அப்பத்தாவுக்கு ஒரு பர்மா தேக்கு நாற்காலி... காரைக்குடியில் நான்கு நாள்கள்!

"ஏத்தா, இது நாற்காலியா, இல்ல பரணா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தா என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்னையிலிருந்து நான் ஆசையாக வாங்கி அனுப்பிய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் தரையைத் தொடாமல், பெரிய பிள்ளைகளின் பெஞ்சில் ஏறி உட்கார்ந்த ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையைப்போல அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பத்தாவுக்கு வயது 78. உயரம் நாலே முக்கால் அடியைவிடக் கொஞ்சம் கம்மி. போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு டாக்டர் மூன்று கட்டளைகள் போட்டார். தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்துபோகிற எந்த இருக்கையிலும் உட்காரக் கூடாது.

வாழ்நாள் முழுக்கத் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தி விசாரித்தவர் அவர். இப்போது சோபாவில் உட்கார்ந்தால் உள்ளே புதைந்துபோகிறார், தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்தால், அது வளைந்துகொண்டு பின்னால் நழுவுகிறது. நான் வாங்கி அனுப்பியதோ பரண்!

"எந்திரிக்க ஒரு ஆளு வேணும்னா, நான் உக்காரவே இல்லத்தா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனவர்தான். அதன் பிறகு திண்ணைப் பக்கம் வரவில்லை என்று அப்பா போனில் சொன்னார். பேச வருகிறவர்களும் குறைந்துவிட்டார்களாம். கட்டிலில் படுத்திருப்பவரிடம் எவ்வளவு நேரம்தான் ஊர்க்கதை பேசுவார்கள்?

அப்போது முடிவு செய்தேன். கடையில் கிடைக்காத நாற்காலியை நாமே செய்தால் என்ன? இத்தனைக்கும், நான் அதுவரை மரத்தில் செய்த ஒரே வேலை பென்சில் சீவியதுதான்.

ஒரு பிளானும் ஒரு இத்தாலிக்காரரும்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்குத் தேடச் சொல்லியா தர வேண்டும்? மர நாற்காலி, பெஞ்ச், கட்டில் எல்லாவற்றுக்கும் வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. எத்தனை துண்டு, என்னென்ன நீளம், எங்கே திருகாணி என்று எல்லாம் போட்டிருக்கும். கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியின் பிளானைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேடும்போதுதான் என்ஸோ மாரி என்ற இத்தாலிய வடிவமைப்பாளரைப் பற்றிப் படித்தேன். 1974-ல் அவர் 19 மரச்சாமான்களுக்கு வரைபடம் போட்டார். மேஜை, நாற்காலி, கட்டில், அலமாரி என எல்லாமே சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் இருந்தால் செய்துவிடக் கூடியவை. தபால் செலவை அனுப்பியவர்களுக்கெல்லாம் அந்த வரைபடங்களை அனுப்பிவைத்தார். தொழிற்சாலைக்காரர்களும் வியாபாரிகளும் தவிர யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். அவர் கேட்டது ஒன்றுதான்: செய்து முடித்ததும் போட்டோ அனுப்புங்கள், அதிலும் நீங்களாக ஏதாவது மாற்றிச் செய்திருந்தால் கட்டாயம் அனுப்புங்கள்.

இந்தக் கடைசி வரியை அன்றைக்குச் சாதாரணமாகக் கடந்துவிட்டேன். விஷயமே அதில்தான் இருந்தது என்பது காரைக்குடியில்தான் புரிந்தது.

முனீஸ்வரன் கோயில் தெரு

நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். காரைக்குடிக்கு இரவில் வந்து சேர்ந்து, அத்தை வீட்டில் தங்கினேன். காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். வயிறு நிறைந்த பிறகுதான் தெருவுக்குப் போக அத்தை அனுமதித்தார்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன் வாசல் ஒரு தெருவிலும் பின் வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் நீளமான வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டி வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்த நகரத்தார், பர்மாவிலிருந்து தேக்கு மரங்களைக் கப்பலில் கொண்டுவந்து கட்டியவை. தூண், உத்தரம், கைமரம், நிலை, கதவு என எல்லாம் தேக்கு.

1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. பிறகு பர்மா சுதந்திர நாடானது. நிலங்களும் தொழில்களும் அரசுடைமை ஆயின. சம்பாத்தியம் நின்றாலும் வீடுகள் நின்றன. ஆனால் ஒரு வீட்டுக்கு இன்று எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். ஓடு மாற்றவும் ஒழுகலை அடைக்கவும் ஆகும் செலவை யார் செய்வது? சில வீடுகள் ஹோட்டலாக மாறிப் பிழைத்துக்கொண்டன. பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. சில வீடுகள் பிரிக்கப்படுகின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே வீடு நின்றுவிடாதே!

பிரிக்கப்பட்ட வீடுகளின் சாமான்கள் வந்து சேரும் இடங்களில் ஒன்றுதான் முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் பிடித்தவர்களுக்குச் சொர்க்கம் என்பார்கள். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குவாளி, ரவிவர்மா படம், பெல்ஜியம் கண்ணாடி, யாரோ யாருக்கோ கல்யாணம் முடித்த கறுப்பு வெள்ளை போட்டோ எல்லாம் இருக்கின்றன. அந்தப் போட்டோக்களைப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருப்பார்களோ!

எனக்கு வேண்டியது அலங்காரப் பொருள் இல்லை, மரம். ஒரு கடைக்குப் பின்னால் கைமரங்கள் அடுக்கியிருந்தன. கறுத்துப்போய், தூசி படிந்து, விறகு மாதிரிதான் தெரிந்தன. கடைக்காரர் ஒரு கைமரத்தின் ஓரத்தை உளியால் லேசாகச் சீவிக் காட்டினார். உள்ளே தேன் நிறம்! கூடவே தோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்த ஒரு மணம். தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதனால்தான் கரையான் சீக்கிரத்தில் அண்டுவதில்லை. பல வருடங்கள் கூரைக்கடியில் காய்ந்த மரம் என்பதால் இனிமேல் பெரிதாகச் சுருங்கி வளைகிற வேலையும் இல்லை. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து அறுக்காத மரங்களை ஏற்றுமதி செய்யவே தடை போட்டுவிட்டதால், இந்தப் பழைய மரத்துக்கு மவுசு கூடியிருக்கிறது.

விலை கன அடிக் கணக்கு. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 4 அங்குல அகலம், 3 அங்குல கனம், 7 அடி நீளம் என்றால் 84. அதை 144-ஆல் வகுத்தால் 0.58 கன அடி. என் போன் கால்குலேட்டர் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் மனக்கணக்கில் சொல்லிவிட்டார். அப்படி இரண்டு கைமரங்கள் வாங்கினேன்.

"எந்த ஊரு வீட்டு மரம்ணே?" என்று கேட்டேன்.

"நமக்குக் கைமாறி வர்றதும்மா. எத்தனை வீட்டைக் கேட்டு வச்சுக்க?" என்றார்.

"மொதல்ல செங்கல்லைக் கேளு"

தச்சு வேலை செய்யும் ஒரு பெரியவரை அத்தைக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வேலை பார்ப்பவர். "நீங்க மேற்பார்வை மட்டும் பாருங்கய்யா, நான் செய்றேன்" என்று போனிலேயே சொல்லியிருந்தேன். சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் போன பிறகுதான் தெரிந்தது.

பிளானை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது யாருக்குத் தாயி?"

"எங்க அப்பத்தாவுக்குங்கய்யா."

"பிளானுல இருக்கிற ஆளு ஆறடி இருப்பான்போலயே."

அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். உட்காரும் உயரம் 18 அங்குலம். ஆழம் 19 அங்குலம். சென்னையிலிருந்து அனுப்பிய பரணைவிட இது பெரிய பரண்! பிளானைப் பிரின்ட் எடுத்த நான், அதில் உட்காரப்போகிறவரின் அளவைப் பார்க்கவே இல்லை.

"பிளான்ங்கிறது வேற ஒருத்தனுக்குத் தைச்ச சட்டை. பிடிச்சுத் தைக்கணும்ல?" என்றார்.

அதற்கு அவர் சொன்ன வழி எனக்குப் புதிது. "மரத்தை அறுத்துட்டா ஒட்ட முடியாது. மொதல்ல செங்கல்லைக் கேளு."

ஊரில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை. அப்பத்தா வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்போடு அதில் உட்கார வேண்டும். முதலில் பாதம் முழுதாகத் தரையில் பட்டது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கூட ஒரு செங்கல் வைத்ததும் எழுந்திருப்பது சுலபமானது, ஆனால் பாதம் தூக்கிக்கொண்டது. அப்புறம் செங்கலுக்குப் பதிலாகப் பழைய பேப்பர் கட்டு, அதில் கொஞ்சம் எடு, கொஞ்சம் வை... அப்பத்தா பொறுமை இழந்து, "என்னய்யா, என்னையத் தராசுல போட்டு நிறுக்கிறீகளா?" என்று அப்பாவைத் திட்டியது எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் பதினைந்தரை அங்குலத்தில், பாதமும் தரையில் பட்டது, ஜன்னல் திண்டைப் பிடித்துக்கொண்டு அவராகவே எழுந்தும்விட்டார். கொட்டகையில் நானும் பெரியவரும் கை தட்டினோம்.

அதன் பிறகு மற்ற அளவுகள். பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 16 அங்குலம். அதில் இரண்டு அங்குலம் கழித்து ஆழம் 14. ஆழம் கூடினால் முதுகு சாயப் பின்னால் போக வேண்டும், உடனே பாதம் தூக்கிக்கொள்ளும். இதனால்தான் குள்ளமானவர்களுக்குக் கடை நாற்காலிகள் சௌகரியப்படுவதில்லை. பிளானில் இருக்கை பின்பக்கம் சரிந்திருந்தது. ஹாயாகச் சாய்ந்திருக்க அது நல்லது, எழுந்திருக்க எதிரி. சரிவை எடுத்துவிட்டோம். கைப்பிடியை இருக்கையின் முன் விளிம்பு வரை நீட்டினோம், அப்போதுதான் அழுத்தி எழ முடியும்.

இன்னொன்றும் பெரியவர்தான் கவனித்தார். பிளானில் முன்னங்கால்கள் இரண்டையும் கீழே ஒரு குறுக்குச் சட்டம் இணைத்திருந்தது. "நீ எந்திரி பாப்போம்" என்றார். எழுந்தேன். "காலு எங்க போச்சு?" எழுவதற்கு முன் என் பாதங்கள் தானாக இருக்கைக்கு அடியில், பின்னால் போயிருந்தன. சட்டம் இருந்தால் அங்கே இடிக்கும். அதனால் சட்டத்தை நடுவுக்குத் தள்ளினோம். 25 வருடங்களாகத் தினமும் எழுந்து உட்காருகிறேன், இதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

'இரண்டுக்கு நாலு' என்ற பொய்

இரண்டாம் நாள் காலையில் கைமரங்களை அறுவை மில்லுக்குக் கொண்டுபோனோம். மில்லில் ரம்பத்தில் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒரு காந்தத்தை எடுத்து மரத்தின் நீளத்துக்கும் தடவினார். இரண்டு இடத்தில் 'டக்' என்று ஒட்டியது. உள்ளே பழைய ஆணிகள், தலை முறிந்து கிடந்தன. உளியால் தோண்டிப் பிடுங்கினோம். அப்படியே ரம்பத்தில் விட்டிருந்தால் பல் போயிருக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

அடுத்த குழப்பம் என் புண்ணியத்தில் வந்தது. பிளானில் 'இரண்டுக்கு நாலு' சட்டம் என்று போட்டிருந்தது. அமெரிக்க பிளான். நானும் சரியாக இரண்டுக்கு நாலு அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் துண்டுகளின் நீளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேயோ இடிக்குதே" என்றார். தேடிப் பார்த்தால், அந்த ஊரில் இரண்டுக்கு நாலு என்று விற்கும் சட்டத்தின் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான்! ஈரமாக அறுத்தபோது இருந்த அளவின் பெயர் அது. காய்ந்து, இழைத்து வரும்போது அரை அங்குலம் குறைந்துவிடும், பெயர் மட்டும் அப்படியே. நான் அப்படியே செய்திருந்தால் ஒவ்வொரு காலும் அரை அங்குலம் தடிமன் கூடி, குறுக்குச் சட்டங்கள் எதுவும் பொருந்தியிருக்காது.

அத்தோடு பிளானை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒரு அட்டையில் எங்கள் அளவுகளோடு புதிதாக வரைந்தோம். நாற்காலியின் உருவம் அவர்களுடையது, அளவு அப்பத்தாவுடையது.

பிறகு இழைப்புளி என் கைக்கு வந்தது. யூடியூபில் பார்க்கும்போது வெண்ணெய் சீவுவது மாதிரி இருக்கும். நேரில் அது மரத்தில் கொத்திக்கொண்டு நின்றது. "ரேகையைப் பாரு தாயி. பூனையைத் தடவுற மாதிரி. எதிர்ப்பக்கம் தடவுனா சிலுத்துக்கும்." அப்படிச் செய்ததும் முதல் சீவல் சுருண்டு வந்தது. கறுத்த தோல் போய்த் தேன் நிறம் நீளமாக விரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஸ்டோரி வைரலானபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பிளானில் எல்லா இணைப்புக்கும் திருகாணி. பெரியவர் மறுத்துவிட்டார். தினமும் அழுத்தி எழுகிற நாற்காலியில் ஆடுகிற இடமெல்லாம் திருகாணி தளரும், பழைய தேக்கு வெடிக்கவும் செய்யும் என்பது அவர் வாதம். அதனால் கழுந்தும் துளையும். சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, காலில் அதே அளவுக்குத் துளை போட்டு, உள்ளே இறக்குவது. நான் போட்ட முதல் துளை ஒரு நூல் அகலம் கூடிவிட்டது. தச்சுக் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஒரு நூல்தானேய்யா?" என்றேன். "ஒரு நூல் ஆடுனா, ஒங்க அப்பத்தா நெஞ்சு ஆடும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னச் சில்லைச் சீவி உள்ளே ஒட்டிச் சரிசெய்தார். அந்தச் சில்லு இப்போதும் இடது பின்னங்காலில் தெரிகிறது. அதன் பிறகு துளைகள் அவருடைய கையால், இழைப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் என் கையால் என்று ஒப்பந்தமானது. 'நானே செய்தேன்' என்று சொல்ல ஆசைதான். உண்மை, பாதிக்குக் கொஞ்சம் கீழே.

பசை காயும் நேரத்தில் ஆத்தங்குடி

மூன்றாம் நாள் மதியம் சட்டங்களைப் பூட்டினோம். தேக்கின் எண்ணெய்ப் பசையில் கோந்து பிடிக்காது என்பதால், ஒட்டும் இடங்களைத் தின்னரால் துடைத்துவிட்டு, கோந்து போட்டு, குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணி அடித்தார். கயிற்றைச் சுற்றிக் கட்டை வைத்து முறுக்கி இறுக்கினார். "நாளைக் காலை வரைக்கும் தொடக் கூடாது. ஊரைச் சுத்திட்டு வா."

பஸ் பிடித்து ஆத்தங்குடிக்குப் போனேன். அங்கேயும் கைவேலைதான். கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் காய்ந்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால் பளபளவென்று ஓடு! அந்தப் பளபளப்பு பாலிஷ் இல்லை, கண்ணாடியிடமிருந்து வாங்கியது. ஒரே அச்சுதான், ஆனால் ஊற்றுகிறவரின் கை லேசாக அசைந்தால் பூவின் இதழும் அசைகிறது. இரண்டு ஓடுகள் ஒன்றுபோல இருப்பதில்லை.

அங்கிருந்து கானாடுகாத்தான். பெரிய வீடுகளின் முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் எல்லாம் தூண்களிலும் கதவுகளிலும். மூன்று நாள் முன்பு வந்திருந்தால், 'அழகான கதவு' என்று போட்டோ எடுத்துப் போயிருப்பேன். இப்போது சட்டம் எங்கே கழுந்துக்குள் இறங்குகிறது என்று தேடினேன். அந்த வீடுகளின் சொந்தக்காரர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தத் துளைகளைப் போட்டவர்களின் பெயர் எங்கேயும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் பிளான் பார்த்துச் செய்யப் போகிறீர்களா?

* உட்காருகிறவரை முதலில் அளங்கள். முக்கியமானவை மூன்று: தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை (வழக்கமாகப் போடும் செருப்போடு), பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, உட்கார்ந்த நிலையில் இருக்கையிலிருந்து முழங்கை வரை.
* ஆபரேஷன் ஆனவர் என்றால், எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டுவிட்டே தொடங்குங்கள்.
* செங்கல், பலகை, பேப்பர் கட்டு வைத்து ஒத்திகை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று பிடித்துக்கொள்ளட்டும்.
* வெளிநாட்டு பிளான் என்றால், சட்டத்தின் பெயரை நம்பாதீர்கள். உண்மை அளவைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்.
* பழைய மரத்தை அறுக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள்.
* மலிவாக முடியும் என்று நினைக்காதீர்கள். மரம், மில் கூலி, பெரியவரின் கூலி எல்லாம் சேர்த்து, கடையில் விற்கும் சாதாரண மர நாற்காலியைவிட எனக்குக் கூடுதலாகவே ஆனது.

எந்த வீட்டு மரம்?

நான்காம் நாள் காலையில் இருக்கைப் பட்டைகளை அடித்தோம். இரண்டரை அங்குலத்தில் ஐந்து பட்டை, நடுவில் மூன்று மூன்று நூல் இடைவெளி. கூட்டிப் பாருங்கள், சரியாக 14 அங்குலம்! முன் பட்டையின் விளிம்பைத் தொடையில் அறுக்காதபடி உருட்டிவிட்டோம். வார்னிஷ் வேண்டாம், கை வழுக்கும் என்று ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்தோம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடப் போனேன், பெரியவர் தடுத்தார். சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்குமாம். வெயிலில் விரித்துக் காயவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தேவகோட்டை பஸ்ஸில் நாற்காலிக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர். கூட்டத்தில் இடம் கிடைக்காத ஒரு தாத்தா, "சும்மாதானே இருக்கு" என்று அதிலேயே உட்கார்ந்துகொண்டார். முதல் பயணி அவர்தான்.

வீட்டில் திண்ணையை ஒட்டி, வாசலைப் பார்த்தாற்போல நாற்காலியைப் போட்டோம். அப்பத்தா கட்டிலிலிருந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உடனே உட்காரவில்லை. கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"பெரிய வீட்டு மரம்ல இது?"

சின்ன வயதில் அப்பத்தா பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமையலுக்குக் கூடமாட வேலை செய்யப் போனவர். எனக்கு அது தெரியும். ஆனால், அவர் அடுத்துச் சொன்னது எனக்குத் தெரியாது. "கல்யாணத்துக்கு முந்தி தூணு, கதவு எல்லாத்துக்கும் எண்ணெ போட்டுத் தொடைக்கச் சொல்லுவாக. இந்த வாசம்தான் கையில ரெண்டு நாளைக்கு இருக்கும். நாங்க தொடைப்போம், உக்கார்றது கீழதான்." கொஞ்ச நேரம் கழித்து, "எந்த வீடாம்?" என்றார்.

"கடைக்காரருக்கும் தெரியலை அப்பத்தா."

"ம்" என்றார். உட்கார்ந்தார்.

பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. முதுகு சாய்ந்தது. நாற்காலி மட்டும் லேசாக ஆடியது. எங்கள் வாசல் தரை மேடு பள்ளம். பெரியவரின் கொட்டகையில் சரியாக நின்ற நாற்காலிக்கு இங்கே ஒரு கால் ஒரு நூல் தூக்கியது. அப்பா அட்டையை மடித்து அடியில் வைத்தார். அடுத்த முறை வரும்போது, உப்புத்தாளோடு வந்து சரிசெய்ய வேண்டும்.

"எந்திரிக்கவா?" என்று அப்பத்தாவே கேட்டார். அப்பா கை கொடுக்கப் போனார். "நீ தள்ளு" என்றார். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். பாதங்கள் பின்னால் போயின, நடுச் சட்டத்தில் இடிக்கவில்லை. அழுத்தினார். எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை அம்மா, "போதும் அத்தே, இடுப்பு வலிக்கப்போவுது" என்றார்.

சாயங்காலம் எதிர் வீட்டு அம்மாச்சி வந்தார். அப்பத்தாவைவிட ஒரு சாண் உயரம். நாற்காலியில் ஆசையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன இது, முட்டி மூஞ்சிக்கு வருது? எனக்குப் பத்தாதே!"

"அது எனக்கு அளந்தது" என்றார் அப்பத்தா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏத்தா, அந்த டேப்பை எடுத்துட்டு வா. இவளையும் அளந்து குறிச்சுக்க" என்றார்.

குறித்துக்கொண்டேன். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை பதினாறே முக்கால்.